கியர்பாக்ஸை இறக்கும் முன்

மலையேறித் திரும்பிய காரைப் பட்டறையில் விட்டால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் வருகிறது: கிளட்ச் போய்விட்டது, செட்டாக மாற்றிவிடலாம். கியர் விழவில்லையா? கிளட்ச் செட். ஏற்றத்தில் இழுவை இல்லையா? கிளட்ச் செட். மிதித்தால் சத்தம் வருகிறதா? அதற்கும் அதுதான். செட் என்றால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்தது. அவற்றின் விலை ஒருபுறம், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி மறுபுறம். இரண்டும் சேர்ந்து ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

அந்தத் தீர்ப்பு சில நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் கேட்ட மாத்திரத்தில் அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கிளட்ச் நழுவுவது வேறு, கிளட்ச் பிரியாமல் இருப்பது வேறு, வண்டி கிளம்பும்போது உதறுவது வேறு, இரைச்சல் வேறு. இவற்றில் சிலவற்றுக்குக் கியர்பாக்ஸைத் தொடவே தேவையில்லை. எது எது என்பதை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே பெரும்பாலும் பிரித்தறிந்துவிடலாம். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

கொங்கு நாட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். சமவெளியில் எவ்வளவு ஓட்டினாலும் ஆண்டுக்கு ஓரிரு முறையாவது மலையேறாமல் இருக்க மாட்டோம். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. கிளட்சில் ஒளிந்திருக்கும் குறை வெளிப்படுவது அங்கேதான். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகின்றன, கோவையில் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் மண் இது. பிரித்துப் பார்க்கும் துணிச்சலுக்கு இங்கே குறைவில்லை. பிரிப்பதற்கு முன் வண்டி என்ன சொல்கிறது என்று கேட்கும் பழக்கம்தான் குறைந்துகொண்டே வருகிறது.

கிளட்சின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினோடு சேர்ந்து எப்போதும் சுழல்வது பிளைவீல். அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கியிருப்பது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவே, இருபுறமும் உராய்வுப் பட்டை ஒட்டிய கிளட்ச் பிளேட். இந்த நடுப் பிளேட்தான் கியர்பாக்ஸின் தண்டைச் சுழற்றுகிறது. நாம் பெடலைத் தொடாதபோது பிரஷர் பிளேட்டில் உள்ள வில் நடுப் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடித்திருக்கும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்த வில்லின் விரல்களைத் தள்ளும், பிடி தளரும், எஞ்சினும் கியர்பாக்ஸும் பிரியும். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காவிட்டால் நழுவல். விட வேண்டிய நேரத்தில் விடாவிட்டால் கியர் விழாது. ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு கோளாறுகளுக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு டீசல் கார். தாளவாடியில் அத்தை வீடு இருப்பதால் கோபிசெட்டிபாளையத்திலிருந்து திம்பம் வழியாக அடிக்கடி போய்வருவோம். அப்படி ஒருமுறை ஏறும்போது, எதிரே இறங்கும் லாரிக்கு வழிவிட்டு நின்ற பிறகு முதல் கியர் விழ மறுத்தது. வலுக்கட்டாயமாகத் தள்ள வேண்டியிருந்தது. ஆசனூரில் தேநீர் குடித்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுக்க ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் அரைபடும் சத்தம். அப்பா முகம் சுளித்தார். ஊர் திரும்பியதும் பெரிய பட்டறை ஒன்றில் காட்டினோம். பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்தவர், கிளட்ச் செட்டுக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தாளோடு நேராக எங்கள் பழைய மெக்கானிக்கிடம் போனேன். லாரிப் பட்டறையில் தொழில் கற்றவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தாளைப் படிக்கவில்லை. என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார்.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் வரிசையாகப் போடச் சொன்னார். வெண்ணெயாக விழுந்தன. எஞ்சின் ஓடும்போது போடச் சொன்னார். முரண்டு பிடித்தன. இந்த ஒரு வேறுபாட்டிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போதும் கியர் முரண்டு பிடித்தால் கியர் லீவர், அதன் கேபிள்கள், கியர்பாக்ஸின் உட்புறம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். நின்றிருக்கும்போது எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் விழவில்லையென்றால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை என்று பொருள்.

அடுத்து, "பெடலை விட்டு விட்டு நாலைந்து தடவை மிதி அம்மிணி. கடைசியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கியரைப் போடு" என்றார். போட்டேன். விழுந்தது. அதே அழுத்தத்தில் காலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார். கியரை நியூட்ரலுக்கு எடுத்துவிட்டு மறுபடி போட்டால் முரண்டு. பெடல் காலுக்கடியில் மெல்ல மெல்லத் தாழ்ந்துபோவதை என்னாலேயே உணர முடிந்தது.

எங்கள் காரின் கிளட்ச் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் ஓரத்தில் ஸ்லேவ் சிலிண்டர், நடுவே குழாய். மிதிக்கும் அழுத்தம் எண்ணெய் வழியாகப் போய், ரிலீஸ் பேரிங்கை நகர்த்தும் ஃபோர்க்கைத் தள்ள வேண்டும். எங்காவது கசிந்தாலோ காற்று புகுந்தாலோ தள்ளும் தூரம் குறையும், கிளட்ச் அரைகுறையாகப் பிரியும். பலமுறை மிதித்தால் சரியாவதும், காத்திருந்தால் மீண்டும் கெடுவதும் இந்தக் குறையின் முத்திரை. தேய்ந்த பிளேட் இப்படி நடந்துகொள்ளாது.

பானெட்டைத் திறந்து எண்ணெய்க் குப்பியைக் காட்டினார். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே குப்பிதான். கிளட்சுக்குப் போகும் வாய் சற்று மேலே இருக்கும். எண்ணெய் குறைந்தால் முதலில் கிளட்ச் காற்றை இழுக்கும், பிரேக்குக்கு வேண்டியது அடியில் மிஞ்சும். உயிர் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே கிளட்ச் பெடல் திடீரென்று பஞ்சுபோல் ஆனால் குப்பியைப் பார்க்காமல் அடுத்த கிலோமீட்டர் ஓட்டக் கூடாது. அது பிரேக்குக்கும் சேர்த்து வரும் எச்சரிக்கை.

காருக்கு அடியில் படுத்து ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினார். உள்ளே ஈரம். சிலிண்டரை மட்டும் மாற்றி, புதிய எண்ணெய் ஊற்றி, நான் மிதிக்க அவர் நிப்பிளைத் திறந்து மூட, காற்றை முழுவதும் வெளியேற்றினோம். மதிய உணவுக்கு முன் வேலை முடிந்தது. பழைய எண்ணெய் காப்பிக் கஷாய நிறத்தில் இருந்தது. கிளட்சுக்கும் ஊற்றுவது பிரேக் எண்ணெய்தான்; அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. அதில் டாட் 4 என்ற தர வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. ஈரம் சிலிண்டரின் உட்சுவரையும் அரிக்கும், ரப்பர் சீல் தேயும். இரண்டு ஆண்டுக்கொருமுறை இந்த எண்ணெயை மாற்றிவிடுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாருதி 800, ஆம்னி போன்ற பழைய வண்டிகளில் எண்ணெய் கிடையாது, இரும்புக் கேபிள்தான். அங்கே கியர் விழவில்லையென்றால் கேபிள் நீண்டிருக்கலாம், இழை இழையாகப் பிரிந்திருக்கலாம், அல்லது பெடலுக்கு இருக்க வேண்டிய சிறு தளர்வு அளவுக்கு மீறியிருக்கலாம். கேபிள் முனையிலுள்ள நட்டைத் திருகினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். தளர்வே இல்லாமல் இறுக்கிவிடுவதும் ஆபத்து. அப்போது ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும், நடுப் பிளேட்டும் முழுப்பிடி கிடைக்காமல் நழுவத் தொடங்கும்.

அந்த வேலைக்குப் பிறகு கார் நீண்ட காலம் நன்றாக ஓடியது. பிறகு வந்தது உண்மையான கிளட்ச் கோளாறு.

பெருந்துறையைத் தாண்டி சேலம்–கோவை நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, மேம்பாலம் ஒன்றின் ஏற்றத்தில் ஐந்தாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். எஞ்சினின் சுழற்சி எண் விருட்டென்று ஏறியது. வேகமானி முள் இருந்த இடத்திலேயே இருந்தது. காலை எடுத்ததும் சுழற்சி தணிந்தது. சற்று நேரத்தில் தீய்ந்த வாடை. நழுவும் கிளட்ச் முதலில் தன்னைக் காட்டிக்கொடுப்பது மேல் கியரில், ஏற்றத்தில், முழு அழுத்தத்தின்போதுதான். ஏனென்றால் கிளட்ச் தாங்க வேண்டிய முறுக்குவிசை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். கீழ்க் கியரில் ஊருக்குள் ஓட்டினால் மாதக்கணக்கில் தெரியாமலே போகும்.

ஊர் வந்ததும் சமதரையில் நிறுத்தி உறுதிசெய்துகொண்டோம். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. கைப்பிரேக்கை முழுதாக இழுத்து, நான்காம் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட வேண்டும். நல்ல கிளட்ச் எஞ்சினை உடனே நிறுத்திவிடும். எங்கள் எஞ்சின் தடுமாறியபடியே ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சோதனையை ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம். ஒவ்வொரு முறையும் பிளேட் வேகும்.

இந்த முறை அண்ணனும் தயங்கவில்லை. கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும்.

அந்த வேலையை முழுவதும் உடனிருந்து பார்த்தேன். பார்த்ததை எழுதிவைப்பது பலருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன். பேட்டரி வயரைக் கழற்றி, வண்டியை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, கியர் ஆயிலை வடித்து, சக்கரங்களுக்குப் போகும் இரண்டு டிரைவ் ஷாஃப்டுகளையும் உருவி, எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, அதன் பிறகே கியர்பாக்ஸின் போல்ட்டுகளில் கை வைத்தார்கள். கியர்பாக்ஸ் எஞ்சினிலிருந்து நேராக விலகி வர வேண்டும், தொங்கக் கூடாது. ஏற்றும்போது இது இன்னும் முக்கியம். அதன் எடை முழுவதும் பிளேட்டின் நடுக்குடத்தில் தொங்கினால் புதிய பிளேட் வளைந்துவிடும். பிறகு கிளட்ச் பிரியாது. புது செட் போட்டும் கியர் விழவில்லை என்று திரும்பிவரும் வண்டிகள் சிலவற்றின் கதை இதுதான் என்றார் அண்ணன்.

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். ஒரே பக்கத்தில் முழுதாகக் கழற்றினால் வில்லின் விசை உறையை வளைத்துவிடும். உள்ளே கருந்தூசி. பையன் காற்றுக் குழாயை எடுத்து ஊதப் போனான், அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்தார். பழைய லைனிங்குகளில், அதாவது உராய்வுப் பட்டைகளில், கல்நார் இருந்தது. இன்றைய பிளேட்டில் இல்லை என்று அட்டையில் போட்டிருந்தாலும் அந்தத் தூசியை மூச்சில் இழுப்பது நல்லதில்லை. ஈரத் துணியால் துடைத்தான்.

பிளேட்டை என் கையில் கொடுத்தார். ஒரு பக்கத்தில் ரிவெட்டின் தலை லைனிங்கோடு சமமாக வந்திருந்தது. இன்னும் சில மலையேற்றங்கள் போயிருந்தால் ரிவெட் பிளைவீலைக் கீறியிருக்கும். மறுபக்கத்தின் ஓரத்தில் எண்ணெய்ப் பளபளப்பு. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்புற ஆயில் சீலிலிருந்து மெல்லிய கசிவு. அதைக் கவனிக்காமல் புதுப் பிளேட்டைப் போட்டிருந்தால் அதுவும் எண்ணெயில் நனைந்து, வண்டி கிளம்பும்போதெல்லாம் உதறத் தொடங்கியிருக்கும். சீலின் விலை சில நூறு ரூபாய். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது மாற்றினால் கூடுதல் கூலி சொற்பம். பிறகு மாற்ற வேண்டுமென்றால் முழுக் கூலியும் மறுபடி கொடுக்க வேண்டும். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது பின்புற சீலையும் கியர்பாக்ஸின் முன்புற சீலையும் பார்த்தீர்களா என்று கட்டாயம் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

பிளைவீலில் ஆங்காங்கே நீலத் திட்டுகள். இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறிய தடம். இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார், 12 அடிக்கு ஓரடி உயரும் சரிவில் நிற்கிறது. கைப்பிரேக் போடாமல், பாதிக் கிளட்சிலேயே எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுழற்சியில் வைத்து வண்டியைப் பின்னால் போகாமல் பிடித்திருக்கிறோம். சாதாரண முதல் கியர் விகிதத்தில் கணக்கிட்டால் சுமார் 3 கிலோவாட் வெப்பம் அந்த உராய்வுப் பட்டைகளில் பிறக்கிறது. மூன்று இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் அந்தச் சிறு உறைக்குள் அடைத்துவைத்த மாதிரி. வண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை, எஞ்சின் தரும் உழைப்பு அத்தனையும் சூடாகவே போகிறது. கொண்டை ஊசி வளைவில் லாரிக்காகக் காத்திருக்கும்போது கைப்பிரேக்கை இழுத்து நியூட்ரலில் நில்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். ஓட்டும்போது இடது காலைப் பெடல்மேல் சாய்த்து வைக்கும் வழக்கமும் கெடுதல்தான். அந்தச் சிறு பாரம் பேரிங்கைத் தேய்க்கும், பிடியைத் தளர்த்தும்.

பிளைவீலை லேத் பட்டறைக்கு அனுப்பி மேற்பரப்பைச் சீராக்கி வாங்கினோம். எங்களுடையது ஒரே கட்டியான பிளைவீல் என்பதால் அது முடிந்தது. இன்றைய பல டீசல் கார்களில் இரண்டு அடுக்குகளும் நடுவே வில்லும் கொண்ட பிளைவீல் வருகிறது. அதைச் சாதாரண பிளைவீல் போல லேத்தில் கடைய முடியாது, மாற்றவும் செலவு அதிகம். வேலையை ஒப்படைக்கும் முன்பே உங்கள் காரில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

மீண்டும் பூட்டும்போது எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் பிளைவீலைக் கழுவினார்கள். பிளேட்டில் எந்தப் பக்கம் பிளைவீலை நோக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துப் பொருத்தினார்கள். நடுவை ஒத்துவைக்க ஒரு போலித் தண்டு. கியர்பாக்ஸ் தண்டின் பற்களில் கிரீஸ் நகக்கண் அளவே. அதிகம் தடவினால் தெறித்து லைனிங்கில் படும். ரிலீஸ் பேரிங்கை டீசலில் கழுவிப் போடுவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் கரைந்துபோகும், செய்யவே கூடாது.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்தால் இரைச்சல் தொடங்குகிறதா? பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். மிதிக்காதபோது இரைச்சல் இருந்து, மிதித்தவுடன் அடங்குகிறதா? கியர்பாக்ஸின் முன்தண்டு பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கிளட்ச் செட்டை மாற்றினால் பணம் போகும், சத்தம் போகாது. கிளம்பும்போது உதறினால் பிளேட்டைக் குறை சொல்லும் முன் எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகளின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கழற்றிய பாகங்கள் அனைத்தையும் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார் அண்ணன். கேட்காமலே கொடுத்தார். எந்தப் பட்டறையானாலும் பழையதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது உங்கள் உரிமை. லைனிங் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எண்ணெய் பட்டிருக்கிறதா, வில்லின் விரல் நுனிகள் தேய்ந்திருக்கின்றனவா என்பதை அந்தப் பாகங்களே சொல்லிவிடும். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் தாராளமாக இருந்து, எண்ணெயும் சூட்டுத் தடமும் இல்லாவிட்டால், மாற்றியதற்கான காரணத்தை நீங்கள் கேட்கலாம்.

புதிய பிளேட்டும் பிளைவீலும் ஒன்றோடொன்று படிய முதல் சில நூறு கிலோமீட்டர்கள் தேவை. அதுவரை அதிக பாரமோ, விருட்டென்று கிளப்புவதோ, மலையேற்றமோ வேண்டாம் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வாரமே தாளவாடியில் அத்தை வீட்டில் விசேஷம். சத்தியமங்கலத்தில் பஸ் ஏறிப் போய்வந்தோம்.